ஏழாம் நாளில் இறைத்த நீர்

நீர் வற்றாதிருக்க. நிழல் குறையாதிருக்க. நுகம் இறங்கிய தோள்கள் என்றும் நிமிர்ந்தே இருக்க.

செந்தாழை நாடு முழுதும் ஆள்பவரும், தோள்தழும்பு மரபில் ஒன்பதாம் கோமானும், இப்போது வட எல்லையில் பாசறை கொண்டிருப்பவருமான திருநெடுவேள் அண்ணலின் முத்திரையை அவர் திரும்பும்வரை தாங்கி நிற்கும் அமைச்சன் தாமக்கோடன், கற்கேணி நகரத்து ஓய்வுநெறி மன்றத்தின் முதல்வரும், நூற்றுப் பதினெட்டு விலக்குகளையும் நாநுனியில் வைத்திருப்பவரும், இளமையில் அமைச்சனோடு ஒரே பள்ளியில் ஒரே பாயில் அமர்ந்து கற்றவருமான மாசேந்தனார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் நகரும், தங்கள் மன்றமும், தங்கள் மனையும் நலமாக இருக்க வேண்டுகிறான். தங்கள் ஊர் எல்லைக்குள் இந்த நிமிடம் இருக்கும் ஒவ்வோர் உயிரும் நலமாக இருக்க வேண்டுகிறான். இந்தக் கடைசி வாழ்த்து மரபில் இல்லாதது. ஏன் சேர்க்கப்பட்டது என்பது கீழே தெரியும்.

எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்தருள்க. இன்று ஏழாம் நாள், ஓய்வுநாள். ஓலை எழுதுவோர் தத்தம் வீடுகளில் உறங்குகிறார்கள். அவர்களை எழுப்ப அமைச்சனுக்கு மனம் வரவில்லை. ஆதலால் முப்பது ஆண்டுகளாக எழுத்தாணி பிடிக்காத கை இதைக் கீறுகிறது. விளக்கேற்றுவதும் விலக்கு என்பதால், கிழக்குச் சாளரத்தில் வரும் விடியல் வெளிச்சமே துணை. எழுத்தின் மேல் கரி தடவவில்லை. ஓலையை வெயிலில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் கண்ணுக்குத் தெரியும். அரச முத்திரை தாங்கிய ஓலையில் எழுதுபவன் ‘நான்’ என்று எழுதலாகாது, தன்னையும் பிறனைப் போலவே எழுதவேண்டும் என்பது நம் முன்னோர் வைத்த முறை. எத்தனையோ ஓலைகளில் இம்முறை அமைச்சனுக்கு வசதியாகவே இருந்தது. இன்று இல்லை.

நடந்தது இது. நேற்று ஆறாம் நாள். ஆறாம் நாள் வந்தாலே இந்நாட்டில் ஒவ்வொருவரும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் ஓடுவது தாங்கள் அறியாததன்று. சூரியன் மறைந்து ஓய்வுநாள் தொடங்குமுன் கை சுத்தமாகிவிட வேண்டும், எந்த வேலையும் பாக்கி நிற்கலாகாது என்ற தவிப்பு. அமைச்சன் மேசையில் நேற்று இருபத்தேழு ஓலைகள் முத்திரைக்காகக் காத்திருந்தன. நாற்பது ஆண்டுகளில் ஒரு வேலையைக்கூட மிச்சம் வைத்துக்கொண்டு ஓய்வுநாளுக்குள் நுழையாதவன் என்று தன்னைப் பற்றி அவனுக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையோடு ஒவ்வொன்றின் முதல் வரியைப் பார்த்தான், கடைசி வரியைப் பார்த்தான், களிமண்ணை அப்பினான், முத்திரையை அழுத்தினான். பத்தொன்பதாவது ஓலை தங்கள் மன்றத்திலிருந்து வந்தது. முதல் வரியில் ஓய்வுநெறி மீறல் என்று இருந்தது. கடைசி வரியில் மன்றத்தார் எழுவர் பெயர்கள் இருந்தன. நடுவில் என்ன இருந்தது என்று அவன் படிக்கவில்லை.

படிக்காமல் முத்திரையிட்டான். இதை எழுதியாக வேண்டும். ஓட்டக்காரன் நண்பகலுக்கு முன்பே அந்த ஓலைக்கட்டை எடுத்துக்கொண்டு கற்கேணிக்குப் புறப்பட்டுவிட்டான். அதைத் தங்கள் கையில் சேர்த்துவிட்டு மாலைக்குள் திரும்பியும் விட்டான்.

அதன் பிறகு, ஓய்வுநாளை அறிவிக்கும் முரசு ஓய்ந்து, முத்திரைப் பேழை வெள்ளை நூலால் கட்டப்பட்டு முடிச்சின் மேல் ஓய்வுநெறி மன்றத்தின் மண்முத்திரை வைத்தாகிவிட்ட நேரத்தில், அரண்மனை வாயிலில் ஒரு வெளிநாட்டான் வந்து நின்றான். உப்பு வணிகர் கூட்டத்தின் தலைவன், பெயர் பூதன். வாயிற்காவலர் எவ்வளவு சொல்லியும் நகராமல் நின்றானாம். நம் ஓய்வுநெறி தன்னைக் கட்டாது என்றும், கட்டினாலும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் போவதற்கில்லை என்றும் உரைத்தானாம். அமைச்சன் வெளியே வந்தான். பூதன் வணங்கவில்லை. கற்கேணியில் கேணியாளன் நாகனையும் அவன் மனைவி வெண்ணியையும் பல் முளைக்காத பிள்ளையையும் வெறுவெளியில் துரத்தப்போவது அமைச்சனுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டான்.

மன்றத்து ஓலையின் படி ஒன்று அலுவல் அறையில் இருந்தது. உள்ளே ஓடினான், மேற்கில் மிச்சமிருந்த வெளிச்சத்தில், நின்ற நிலையிலேயே, காலையில் படித்திருக்க வேண்டியதைப் படித்தான்.

சென்ற ஓய்வுநாள் முற்பகலில் பூதனின் உப்பு வண்டிகள் கற்கேணி வாயிலுக்கு வந்தன. வழியில் நீர் காட்டலாம் என்று நம்பியிருந்த குளம் கோடையில் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததால், இரண்டு நாளாக நாற்பத்திரண்டு எருதுகளும் தண்ணீர் காணவில்லை. கற்கேணியின் பெருங்கேணி வழக்கம்போல் மூடப்பட்டு, கயிறு சுருட்டப்பட்டு, மூடியின் மேல் மன்றத்தின் மண்முத்திரை வைக்கப்பட்டிருந்தது. பூதன் தானே இறைத்துக்கொள்வதாகச் சொன்னான். வெளிநாட்டார் கேணிக்கயிற்றைத் தொடலாகாது என்பது ஐம்பத்துமூன்றாம் விலக்கு. ஊரார் சிலர் தம் பானைகளிலிருந்து செம்பு செம்பாகக் கொண்டுவந்தார்கள்; அது வண்டியோட்டிகளின் தொண்டை நனைக்கக் காணும், எருதுக்குக் காணாது. கேணியாளன் நாகன் நெறிக்காவலரிடம் போய் முத்திரையைத் திறக்க அனுமதி வேண்டினான். சூரியன் மறையும்வரை பொறுக்குமாறு அவர்கள் கூறினார்கள். அவன் பொறுத்தான். நண்பகலில் முதல் எருது முன்னங்கால் மடிந்து விழுந்து, எழவில்லை. இரண்டாவது விழுந்தபோது நாகன் முத்திரையை உடைத்து, கயிற்றை அவிழ்த்து, நிழல் நீளும்வரை ஒருவனாக நின்று நீர் இறைத்தான்.

அவனை விசாரித்தபோது அவன் சொன்னதைத் தங்கள் மன்றத்து எழுத்தர் அவன் வாய்ச்சொல்லாகவே எழுதி வைத்திருக்கிறார். அந்த எழுத்தருக்கு அமைச்சன் நன்றி கூறுகிறான். அரசவைத் தமிழில் மாற்றியிருந்தால் அதில் உயிர் இருந்திருக்காது. நாகன் சொன்னது: “தப்புன்னு தெரியுஞ் சாமி, தெரியாமச் செய்யல. மத்தியானம் வரைக்கும் கையக் கட்டிக்கிட்டுதான் குந்தியிருந்தேன். அந்த மாடு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு என்னையே பாத்துச்சு. ஊருல எல்லாருக்கும் அன்னிக்கு ஓய்வு, எனக்கு மட்டும் நெஞ்சு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. எல்லா மாடும் குடிச்சு முடிச்சு, நெழல்ல படுத்து அசை போட்டுச்சு பாருங்க, அப்பத்தான் எனக்கு ஓய்வு வந்துச்சு. அதுக்கு முன்னாடி இல்ல.”

மன்றத்தின் தீர்ப்பு, நாகனும் மனைவியும் பிள்ளையும், நீர்க்குடம் ஏதுமின்றி, தென்திசை எல்லைக்கல்லைத் தாண்டி விடப்படவேண்டும் என்பது. எல்லைக்கல்லுக்கு அப்பால் மூன்று நாள் நடையில்தான் அடுத்த ஊருணி. பங்குனி வெயிலில் பால்குடிப் பிள்ளையோடு மூன்று நாள். மாசேந்தனாரே, அதற்கு நாடு கடத்தல் என்று பெயர் வைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்கிறோம். தண்டனைக்குரியவனுக்கு ஊரோடு சேர்ந்து கடைசியாக ஓர் ஓய்வுநாள் கொடுக்கவேண்டும் என்பதும் நம் நெறி. அந்தக் கடைசி ஓய்வுநாள் இன்று. இன்று சூரியன் மறைந்ததும் அவர்களை எல்லைக்கு நடத்திச் செல்வார்கள், அமைச்சன் முத்திரையிட்ட ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு.

படித்தவுடன் பேழையைத் திறந்து மறு ஓலை எழுதினானா அமைச்சன் என்று தாங்கள் கேட்கலாம். எழுதவில்லை. ஓய்வுநாள் தொடங்கிவிட்டது, பேழை கட்டப்பட்டுவிட்டது, நூலை அறுப்பது எழுபதாம் விலக்கு என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. பூதனை விருந்தினர் கூடத்தில் தங்கச் சொல்லிவிட்டு, தன் அறைக்குப் போய்ப் படுத்தான். உறக்கம் பிடிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாகக் கட்டிக்காத்த நல்ல பெயர் ஒரு நூலோடு அறுந்துபோகுமே என்று பயந்தான். ஊரார் என்ன சொல்வார்கள், பாசறையிலிருந்து அண்ணல் என்ன எழுதுவார் என்று பயந்தான். அந்தப் பிள்ளையை நினைத்துப் பயந்தது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். இந்த வரிசையை மறைக்காமல் எழுதுகிறான்.

விடியுமுன் எழுந்து, அரண்மனை முன்றிலில் நிற்கும் ஓய்வுக்கல்லிடம் போனான். அக்கல்லின் நான்கு வரிகளை நாம் இருவரும் பிள்ளைப் பருவத்தில் பாடம் செய்து, ஒரு சொல் தவறினால் அடி வாங்கியிருக்கிறோம். பாடம் செய்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்று இன்று தோன்றியது. இருட்டில் படிக்க முடியாததால் விரலால் தடவிப் பார்த்தான். “ஏழாம் நாள் நுகம் இறங்குக. ஆளின் தோளிலிருந்து இறங்குக, மாட்டின் கழுத்திலிருந்து இறங்குக. நம் வாயிலுக்கு வந்த வழிப்போக்கன் தலையிலிருந்தும் சுமை இறங்குக. நமக்கு ஓய்வு தராதவர்களைப் போல நாம் ஆகாதிருக்க.” இவ்வளவுதான் அந்தக் கல்லில் இருக்கிறது. முத்திரை இல்லை, நூல் இல்லை, கயிறு இல்லை.

அந்தக் கல்லை நட்டவர் யார்? நம் முதற்கோமான். பிறந்தது முதல் வேற்றரசன் ஒருவனின் மலைக்கோட்டைக்குக் கல் இழுத்தவர். அந்த நாட்டில் ஏழாம் நாள் என்று ஒன்று இருந்ததில்லை, எட்டாவதும் ஒன்பதாவதும்கூட இழுக்கும் நாட்கள்தான். தப்பி வந்து இந்தத் தாழைக்கரையில் குடியேறியபோது அவர் தோளில் இருந்த வடத்தழும்பைத்தான் இன்றும் நம் கோமான்கள் முடிசூடும்போது சாந்தால் வரைந்துகொள்கிறார்கள். அவர் இறைவனிடம் கேட்டது பொன்னையும் படையையும் அல்ல, எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்க ஒரு நாள். அது நமக்கு வரமாக வந்தது. அதைச் சட்டமாக்கினோம், சட்டத்தைக் காக்க வேலி போட்டோம், வேலியைக் காக்க ஆள் வைத்தோம். இப்போது அந்த வேலிக்குள் ஒரு மாடு தண்ணீருக்கு வரமுடியாது.

தாங்கள் சினம்கொள்ளக்கூடாது. நூற்றுப் பதினெட்டில் ஏழு விலக்குகளுக்கு அமைச்சனும் கைதூக்கியவன்தான். தாடியை விரலால் கோதுவது வேலையா இல்லையா என்று நாம் மூன்று நாள் வாதிட்டது நினைவிருக்கிறதா? சீப்பால் கோதினால் வேலை, விரலால் கோதினால் வேலையன்று, ஆனால் சிக்கு எடுத்தால் மறுபடியும் வேலை என்று முடித்தோம். காலில் தைத்த முள்ளை மாலைவரை எடுக்கலாகாது என்றோம். எடுத்தே தீரவேண்டுமானால் வெளிநாட்டானைக் கூப்பிடலாம் என்றோம். நெறிக்காவலர் இருபதுபேர் தடியோடு நாள் முழுதும் தெருத்தெருவாகச் சுற்றுவதற்கு, கண்காணிப்பது வேலையன்று என்று நாற்பத்தோராம் விலக்கில் ஒரு வழி வைத்தோம். மாலையில் அவர்கள் கால் வீங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அந்த வழி எப்படிப்பட்டது என்று தெரியும்.

சிரிக்கக்கூடியவை இவை. சிரிக்க முடியாதது ஆறாம் நாள். ஏழாம் நாள் எவரும் நீர் இறைக்கலாகாது என்பதால், இரண்டு நாளுக்கான நீரையும் ஆறாம் நாளே இறைத்துவிட வேண்டும். நாம் இறைப்பதில்லை, நாகன் இறைக்கிறான். கற்கேணியில் இருநூறு மனைகள், மனைக்கு நான்கு குடம். அதைச் சுமக்கும் பணிப்பெண்கள் அந்த நாளை முதுகொடி நாள் என்று தமக்குள் அழைப்பதை அமைச்சன் தன் வீட்டு அடுக்களையிலேயே கேட்டிருக்கிறான். கேட்டும் சிரித்துவிட்டுப் போயிருக்கிறான். மறுநாள் அவர்கள் படுத்துக்கிடப்பதைப் பார்த்து, நம் ஓய்வுநாளை எளியோரும் எவ்வளவு அன்போடு காக்கிறார்கள் என்று பெருமைப்படுகிறோம். அவர்களுக்கு எழுந்திருக்கவே முடியவில்லை என்பது நம் கண்ணில் படவில்லை.

தாங்கள் என்ன மறுமொழி சொல்வீர்கள் என்பது அமைச்சனுக்குத் தெரியும். இன்று எருதுக்காகத் திறந்தால், நாளை கடைக்காரன் தன் சரக்குக்காகத் திறப்பான், மறுநாள் ஆண்டை தன் வயலுக்காகத் திறந்துவிட்டு அதற்கும் இரக்கம் என்று பெயர் வைப்பான், பத்து ஆண்டில் ஏழாம் நாள் என்று ஒன்று இருக்காது, முதலில் அதை இழப்பவர்கள் பணியாட்களாகத்தான் இருப்பார்கள் என்பீர்கள். இதில் பொய் இல்லை. அமைச்சனுக்கும் இந்தப் பயம் உண்டு. ஓய்வுநாள் இல்லாத நாடு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தாலே அவனுக்கு நடுங்குகிறது. எதற்குத் திறக்கலாம், எதற்குத் திறக்கலாகாது என்று எக்காலத்துக்கும் பொருந்தும் கோடு ஒன்றைக் கிழிக்கும் அறிவு அவனிடம் இல்லை. ஆனால் அந்தப் பகலில், அந்தக் கேணிக்கரையில், இருநூறு வீட்டு ஊரில் ஒருவன்தான் கல்லில் எழுதியதைச் செய்தான் என்பது அவனுக்கு ஐயமின்றித் தெரிகிறது. நாம் அவனைத்தான் வெளியே அனுப்புகிறோம்.

கிழக்கு நன்றாகவே வெளுத்துவிட்டது. இதுவரை ஒன்பது ஓலைகள் ஆயின. இவ்வளவு நீளமாக எழுத நேரமில்லை என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆயினும் இரண்டு வரிக் கட்டளை அனுப்பினால் தாங்கள் அதை மன்றத்தில் வைத்து, அமைச்சனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று ஒதுக்கிவைக்க உரிமை உண்டு. நெறி பற்றிய தீர்ப்பை மன்றம்தான் மாற்றலாம், கோமானும் மாற்றலாகாது. அமைச்சனால் முடிந்தது, தான் தந்த முத்திரையைத் திரும்பப் பெறுவது மட்டுமே. அதற்கும் முத்திரையிட்ட ஓலை வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. ஆகையால்தான் எழுதுகிறான்.

முத்திரைப் பேழையின் வெள்ளை நூலைச் சற்றுமுன் பல்லால் கடித்து அறுத்தான். கத்தியை எடுத்தால் இன்னொரு விலக்கு. மேலிருந்த மண்முத்திரையை உடைத்தபோது ஓசை பெரிதாகக் கேட்டது, காவலர் வந்துவிடுவார்களோ என்று கதவைத் திரும்பிப் பார்த்தான். யாரும் வரவில்லை. நாகன் உடைத்ததும் இதே மண்தான், இதே நாள்தான், இதே மன்றத்தின் அடையாளம்தான். அவனுக்காவது எதிரில் எருது விழுந்து கிடந்தது. அமைச்சன் தன் அவசரத்தால் செய்த பிழையைத் திருத்தவே உடைத்திருக்கிறான். குற்றம் என்றால் இவனுடையது பெரியது. இதைத் தங்கள் மன்றம் பதிவு செய்யட்டும். மறுக்கமாட்டான்.

இனி இவ்வோலையைக் கொண்டுவருபவர் பற்றி. ஓட்டக்காரன் நேற்றுத்தான் கற்கேணிவரை ஓடித் திரும்பி வந்து படுத்திருக்கிறான். அவன் ஓய்வை எடுத்து நாகனுக்குக் கொடுப்பதென்றால், நாம் இத்தனை நாள் செய்துவந்ததையே மறுபடி செய்வதாகும். லாயத்துக் குதிரைகளும் நிற்கின்றன. கல்லில் மாட்டின் கழுத்து என்று எழுதியவர் குதிரையின் முதுகை மறந்திருக்கமாட்டார். பூதன் தான் கொண்டுபோவதாகச் சொன்னான். நல்ல மனம். ஆனால் வெளிநாட்டான் கையில் வரும் அரச ஓலையைத் தங்கள் வாயிற்காவலர் மாலைக்குப் பிறகே வாங்குவார்கள், அது முப்பதாம் விலக்கு. ஆகவே கொண்டுவருபவர் அறுபத்தெட்டு வயதானவர், இடது முழங்காலில் நீர் கோத்தவர், அரண்மனைத் தோட்டத்தைச் சுற்றி வருவதற்கே இரண்டு முறை உட்காருபவர். தங்களோடு ஒரே பாயில் அமர்ந்து படித்தவர்.

தலைநகரிலிருந்து கற்கேணிக்கு ஒன்றரைக் காதம். இளையவன் நடந்தால் உச்சிவெயிலுக்குள் சேருவான். அமைச்சன் எப்போது சேருவான் என்று அவனுக்கே தெரியாது. வழியில் மூன்று ஊர்கள். மூன்றிலும் கேணிகள் மூடித்தான் இருக்கும். சுரைக்குடுக்கையில் நீர் எடுத்துக்கொள்ளலாமா என்று எண்ணினான். சுமையோடு வழிநடப்பது இன்னொரு விலக்கு என்பதற்காக அல்ல, அந்த எருதுகளைப் போலவே ஒரு பகல் நீரின்றி நடந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியதால் எடுக்கவில்லை. இது முதியவனின் வீம்பாகவும் இருக்கலாம். பாதி வழியில் விழுந்துவிட்டால் இந்த வீம்பு மூன்று உயிருக்கு விலையாகுமே என்றும் நினைத்தான். பிறகு பாதிக்குடுக்கை நீர் எடுத்துக்கொண்டான். மாலைக்குள் ஓலை சேராவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று எழுதப் புதிய ஓலை ஒன்றை எடுத்தான். எழுதாமல் வைத்துவிட்டான். சேராத ஓலையை யார் படிப்பார்கள்?

ஆகையால், திருநெடுவேள் அண்ணலின் முத்திரையைத் தாங்கியவன் என்ற முறையில் அமைச்சன் விதிப்பதாவது. கேணியாளன் நாகன் மீதான தீர்ப்புக்கு ஆறாம் நாள் இட்ட முத்திரை, படிக்காமல் இடப்பட்டதாகையால் இவ்வோலை வாயிலைத் தொட்ட கணமே இல்லாததாகக் கொள்ளப்படுக. முத்திரையில்லாத தீர்ப்பின்படி எவரையும் எல்லைக்கு நடத்துவது அரச குற்றம் என்று நெறிக்காவலர் இருபதுபேருக்கும் இப்போதே உரைக்கப்படுக. அவர்கள் ஏற்கெனவே தெற்கு வாயிலில் வந்து நின்றுகொண்டிருந்தால் அவர்களை உட்காரச் சொல்க. நாகனும் வெண்ணியும் பிள்ளையும் தம் வீட்டிலேயே இருக்கட்டும். மன்றம் மறுபடி கூடும்போது, கேணியாளன் நின்ற இடத்தில் அவனுக்கு அருகே அமைச்சன் தாமக்கோடனும் நிறுத்தப்படுக. இருவருக்கும் ஒரே தீர்ப்பு வழங்கப்படுக. ஒருவனை விட்டு ஒருவனைத் தண்டிப்பதற்கு எந்த முத்திரையும் கிடைக்காது.

முத்திரை, அரக்கு உருக்கத் தீ மூட்டாமல், குடுக்கை நீரில் பிசைந்த களிமண்ணில் இடப்பட்டது. ஒரு விலக்கையாவது விட்டுவைப்போம் என்று. ஓய்வுக்கல் சான்று. முதற்கோமானின் தோள் சான்று. தங்கள் நகர் தழைக்க, தங்கள் மன்றம் நீதியில் நிலைக்க.

முத்திரைக்குக் கீழே ஒரு கட்டளை, அரச கட்டளைதான், தட்டலாகாது. இவ்வோலையைப் படித்து முடிக்கும்போது கொண்டுவந்தவர் தங்கள் எதிரில் நிற்பார், அல்லது உட்கார்ந்திருப்பார், அல்லது விழுந்து கிடப்பார். குடுக்கை வழியிலேயே காலியாகியிருக்கும். சூரியன் மறைவதற்குக் காத்திராமல், பணியாள் எவரையும் அழைக்காமல், மன்ற முதல்வர் மாசேந்தனார் தாமே பெருங்கேணிக்குச் சென்று, தம் மன்றத்தின் முத்திரையைத் தம் கையாலேயே உடைத்து, அவருக்கு ஒரு குடம் நீர் இறைத்துக் கொடுக்க. அவர் குடித்து முடிக்கும்வரை அருகிலேயே நின்று பார்க்க. அதன் பின் மன்றத்தைக் கூட்டித் தீர்ப்பைத் தாங்களே சொல்க.